காட்டுப்பன்றிக் குடலில் உள்ள புழு ஈயத்தை உறிஞ்சினால் கறி சுத்தமாகிவிடுமா?

கேள்வி, 02.02.2025

"ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானைப் பக்கம் எங்கள் ஊர். கடலைக் கொல்லையை ஒட்டின சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒரு காட்டுப்பன்றி செத்துக் கிடந்தது. நாய் இழுத்துப்போட்ட குடலில் சாண் நீளத்துக்குப் புழுக்கள். உடம்பில் இருக்கிற ஈயம், காட்மியம் எல்லாவற்றையும் இந்தப் புழுக்களே உறிஞ்சிவிடும், அதனால் புழு இருக்கிற பன்றியின் கறி சுத்தமானது என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். புழுவில் புரதம் அதிகம், காயவைத்துக் கோழிக்குத் தீவனமாகப் போடலாம் என்றும் அதே ஆள் சொல்கிறார். இதில் எது உண்மை?"

03.02.2025

கறி சுத்தமாகாது. கோழிக்கும் போடக் கூடாது. விவரம் கீழே எழுதுகிறேன், அதற்கு முன் ஒரு அவசரமான விஷயம்.

செத்துக் கிடக்கும் காட்டுப்பன்றியைத் தொடாதீர்கள். 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்ததற்குக் காரணம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் செருப்பிலும் கத்தியிலும் ஒட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தால் வளர்ப்புப் பன்றி ஒன்றுகூட மிஞ்சாது. வனத்துறைக்கு ஒரு போன் போடுங்கள், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லிவிடுங்கள். தானாகச் செத்ததுதானே என்று கறி எடுப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். செத்த உடலும் அரசுக்குச் சொந்தம்.

இனி கேள்விக்கு. "புழு ஈயத்தை உறிஞ்சும்" என்ற ஒரு வரி மட்டும் உண்மை, அதுவும் எல்லாப் புழுவுக்கும் பொருந்தாது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் வீடியோக்காரர் தானாகக் கட்டிவிட்டார்.

03.02.2025, இரவு

நீங்கள் பார்த்தது எந்தப் புழு? இது தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது. பன்றியின் சிறுகுடலில் சாண் நீளத்துக்கு வளர்வது முக்கியமாக இரண்டு.

ஒன்று உருண்டைப்புழு, அதாவது அஸ்காரிஸ். வெளிர் மஞ்சள் நிறம், வழவழப்பான உடல், இரண்டு முனையும் கூம்பியிருக்கும். பெண் புழு 20 முதல் 40 செ.மீ. வரை போகும். குடல் சுவரில் ஒட்டாது. கத்தரியால் குடலைத் திறந்தவுடன் கும்பலாக வழுக்கி வெளியே வந்துவிடும்.

இன்னொன்று முள்தலைப்புழு, மாக்ரகாந்தோரிங்கஸ். இளஞ்சிவப்பு நிறம். உடல் முழுக்கக் குறுக்குச் சுருக்கங்கள். முன்பக்கம் தடித்துப் பின்னால் போகப் போகச் சிறுக்கும். பெண் 35 செ.மீ.யைத் தாண்டும், ஆண் 10 செ.மீ. அளவோடு நின்றுவிடும். தலையில் சின்னத் தும்பிக்கை மாதிரி ஒன்று, அதைச் சுற்றி வளைந்த கொக்கிகள். அந்தத் தலையைக் குடல் சுவருக்குள் செருகிக்கொண்டுதான் வாழ்கிறது.

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது இறைச்சிக் கடையிலிருந்து மேய்ச்சல் பன்றிகளின் குடல் வாங்கி வருவோம். திறப்பதற்கு முன்பே விரலை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். குடலின் வெளிப்பக்கத்தில் பட்டாணி அளவுக்குக் கெட்டியான முடிச்சுகள் தட்டுப்பட்டால் உள்ளே முள்தலை உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளிருந்து இடுக்கியால் இழுத்தால் புழு வராது, குடல் சுவரும் சேர்ந்து எழும்பி வரும். இன்னும் இழுத்தால் கழுத்தோடு அறுந்து தலை சுவருக்குள்ளேயே தங்கிவிடும். முடிச்சைச் சுற்றிச் சுவரோடு வெட்டி எடுத்து, பிறகு ஊசியால் சதையை மெல்லப் பிரிக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. சில முடிச்சுகள் சுவரைத் துளைத்தே போயிருக்கும். அப்படி ஆன பன்றி வயிற்றுச் சீழ் பிடித்துச் செத்துப்போகவும் வாய்ப்புண்டு.

திருவாடானைத் தம்பி, குடலிலிருந்து தானாகச் சரிந்து விழுந்திருந்தால் உருண்டைப்புழு. சுவரைப் பிடித்துத் தொங்கினால் முள்தலை.

04.02.2025

கடலைக் கொல்லை என்று சொன்னது முக்கியமான துப்பு, நேற்றே எழுதியிருக்கலாம். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணிலும் சாணத்திலும் கிடந்து நேரே பன்றி வாய்க்குப் போகும். முள்தலைக்கு இடையில் ஒரு வண்டு வேண்டும். கடலைச் செடியின் வேரைத் தின்னும் வெள்ளை வேர்ப்புழு, சாணி வண்டின் புழு போன்றவை பன்றி விட்டையோடு அந்த முட்டையைத் தின்னும். முட்டையிலிருந்து வந்த முள்தலைக் குஞ்சு அவற்றின் உடலுக்குள் சில மாதம் வளர்ந்து காத்திருக்கும். அப்புறம் பன்றி மண்ணைக் கிண்டி வேர்ப்புழுவைத் தின்றால் வட்டம் முழுமையாகும். கொட்டகையில் சிமெண்ட் தரையில் நிற்கும் பன்றிக்கு இது அரிது. ராத்திரி முழுக்கக் கொல்லையைக் கிண்டும் பன்றிக்கு இதுதான் சாப்பாடே.

05.02.2025

சரி, உறிஞ்சும் கதை.

முள்தலைப்புழுவுக்கு வாய் இல்லை, குடலும் இல்லை. சாப்பாடு முழுவதும் தோல் வழியாகவே உள்ளே போகிறது. தனக்கு வேண்டிய சில கொழுப்புப் பொருள்களை அதனால் தானே தயாரிக்க முடியாது, பித்தநீரில் வரும் பொருள்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இங்கேதான் ஈயம் வருகிறது. விலங்கின் உடம்புக்குள் போன ஈயத்தில் ஒரு பகுதியைக் கல்லீரல் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்குத் தள்ளும். புழு இல்லாத குடலில் அதில் கொஞ்சம் மறுபடியும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பும், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் முள்தலைப்புழு உட்கார்ந்திருந்தால் பித்தநீரோடு சேர்ந்த ஈயம் அதன் உடம்புக்குள் போய்த் தேங்குகிறது.

இதை அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர்கள் ஜெர்மனியின் பெர்ன்ட் சூரஸ், ஹோர்ஸ்ட் தராஷெவ்ஸ்கி ஆகியோரும் அவர்களோடு வேலை செய்தவர்களும். 1990-களில் ரூர் ஆற்றில் கெண்டைக் குடும்பத்து மீன் ஒன்றின் குடலில் இருந்த முள்தலைப்புழுக்களை எடுத்துப் பார்த்தார்கள். மீனின் சதையில் இருந்ததைவிட ஈயம் 2700 மடங்கு, காட்மியம் 400 மடங்கு. 2000-இல் பொலிவியாவின் லா பாஸ் நகர இறைச்சிக் கூடத்துப் பன்றிகளிலும் முள்தலைப்புழுவை எடுத்து, பன்றியின் உறுப்புகளோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அங்கேயும் புழு சேர்த்து வைத்திருந்தது, ஆனால் மீனில் கண்ட பிரம்மாண்ட அளவுக்கு இல்லை.

உருண்டைப்புழு? 1998-இல் அதே குழு பன்றியின் அஸ்காரிஸை அளந்தது. பன்றியின் உறுப்புகளோடு ஒப்பிட்டால் புழுவில் ஈயம் குறைவு. அதே குடல், அதே சாப்பாடு, பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரண்டு புழு, நேர் எதிரான முடிவு. உருண்டைப்புழுவுக்கு வாயும் குடலும் உண்டு, உடலைச் சுற்றித் தடித்த மேலுறையும் உண்டு. எனக்கு இந்த வேறுபாடுதான் இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த பகுதி. "புழு உலோகத்தை உறிஞ்சும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது இதுதான் காணாமல் போகிறது.

08.02.2025

ஒருவர் விடாமல் கேட்கிறார்: 2700 மடங்கு புழுவுக்குள் போய்விட்டால் கறியில் என்ன மிஞ்சும்?

மடங்கு என்பது செறிவு. ஒரு கிராம் புழுவையும் ஒரு கிராம் கறியையும் ஒப்பிடுவது. மொத்தம் எவ்வளவு என்று பார்க்க எடையால் பெருக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எல்லாமே கணக்குக்காக வைத்த எண்கள்.

பன்றி 60 கிலோ. அதில் கறி 25 கிலோ. கறியில் ஈயம் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என்றால் மொத்தக் கறியில் 0.5 மில்லிகிராம். முள்தலைப்புழு 30, ஒன்று 3 கிராம் என்றால் மொத்தம் 90 கிராம். கறியைவிட 40 மடங்கு செறிவு, அதாவது கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் என்று வைத்தால் எல்லாப் புழுக்களிலும் சேர்த்து 0.072 மில்லிகிராம். கறியில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கு. அதற்கே 30 முள்தலை தேவைப்படுகிறது. அத்தனை புழு குடலில் குத்திக்கொண்டிருக்கும் பன்றி நோயாளிப் பன்றி.

இதில் எலும்பை நான் சேர்க்கவே இல்லை. வளர்ந்த மனிதரின் உடம்பில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. பன்றிக்கும் ஈயத்தின் பெரிய கிடங்கு எலும்பே. காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் லேசில் வெளியே வராது. மனிதருக்கு அது பாதியாகக் குறையவே 10 முதல் 30 வருடம் ஆகும். குடலில் இருக்கும் புழு அங்கே கை நீட்ட முடியாது.

ஆக, வீடியோக்காரரின் கணக்கு எடையில் விழுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ப்புப் பன்றிக் கறிக்கு ஈயத்தில் கிலோவுக்கு 0.10, காட்மியத்தில் 0.05 மில்லிகிராம் என்று உச்ச அளவு வைத்திருக்கிறது. காட்மியம் ஈரலுக்கு 0.5, சிறுநீரகத்துக்கு 1.0. கறி சரியா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் கறியைத்தான் அளக்க வேண்டும். வேகவைப்பதால் புழுவின் குஞ்சுகள் சாகும், ஈயம் சாகாது.

08.02.2025, சற்றுப் பிறகு

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். சின்ன மீனின் கணக்கு வேறு. மீனின் எடையோடு ஒப்பிட்டால் அங்கே புழுக்களின் எடை புறக்கணிக்கிற அளவில் இல்லை. சோதனைத் தொட்டியில் ஈயத் தண்ணீரில் விட்டபோது, முள்தலைப்புழு உள்ள மீனின் குடல் சுவரில் ஈயம் குறைவாக இருந்ததாக அந்த ஜெர்மன் குழுவே கண்டிருக்கிறது. அதனால் "புழு ஓம்புயிரின் (தான் குடியிருக்கும் பிராணியின்) உலோகச் சுமையைக் குறைக்கும்" என்ற பேச்சு ஆதாரமில்லாத பேச்சு இல்லை. மீன் தொட்டியில் கண்டதைப் பன்றித் தொடைக்கறிக்குத் தூக்கிக்கொண்டு வந்ததுதான் தப்பு.

09.02.2025

துப்பாக்கியால் சுட்ட பன்றியில் மாதிரி எடுக்கலாமா என்று கேள்வி வந்திருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் முடிவெடுத்ததை வைத்துக் கேட்கிறார்.

ஈயம் அளக்கிறீர்கள் என்றால் குண்டே ஈயம். அது எலும்பில் பட்டுச் சிதறினால் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து தள்ளியும் கறிக்குள் போயிருக்கும். கறியில் ஈயம் ஏகத்துக்கு ஏறும், புழுவில் ஏறாது. எத்தனை மடங்கு என்ற கணக்கே தலைகீழாகிவிடும். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடி) கடித்துச் செத்த பன்றியும் வேண்டாம். வெடிமருந்தில் என்ன கலந்தார்களோ, அது வாயிலிருந்தே உள்ளே போயிருக்கும்.

13.02.2025

புரதக் கணக்கு.

உயிருள்ள புழுவின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காயவைத்தபின் "100 கிராமில் இத்தனை கிராம் புரதம்" என்று சொன்னால் எண் பெரிதாகத் தெரியும். ஐம்பது புழுவை எடுத்து அடுப்பில் வைத்துக் காயவைத்தால் கையில் மிஞ்சுவது சொற்பம்.

இன்னொன்று, புரதத்தை நாம் நேராக அளப்பதில்லை. கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறோம். புழுவின் மேலுறை கொலாஜன் வகையைச் சேர்ந்தது. பெண் உருண்டைப்புழுவின் உடம்பு முழுக்க முட்டை, முட்டையோட்டில் கைட்டின். கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு, அது புரதமில்லை. பெருக்கினால் எல்லாம் புரதம் என்ற தலைப்பில் வந்து விழும்.

அதைவிடப் பெரிய சிக்கல்: உருண்டைப்புழு பன்றியின் சிறுகுடலுக்குள் செரிக்கப்படாமல் வாழ்கிறது. எப்படி? டிரிப்சின் போன்ற செரிமான நொதிகளைத் தடுக்கும் பொருள்கள் அதன் உடம்பிலேயே இருக்கின்றன. தன்னைத் தின்னும் பிராணியின் செரிமானத்தைத் தடுக்கிற ஒன்றை நல்ல தீவனம் என்று சொல்லவே முடியாது.

புழுவில் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய சத்து கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரைச் சத்து. குடலுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு, அதனால் உருண்டைப்புழு கொழுப்பை எரித்துச் சக்தி எடுப்பதில்லை, சர்க்கரையை நொதிக்க வைத்துத்தான் பிழைக்கிறது. ஆகவே கிளைக்கோஜனைத் தசையில் திணித்து வைத்துக்கொள்கிறது. முள்தலையும் அப்படித்தான். தியோடர் ஃபான் பிராண்ட் 1939-லேயே பன்றியின் முள்தலைப்புழுவைப் பகுப்பாய்வு செய்து எழுதியிருக்கிறார். பன்றி பட்டினி கிடந்தால் புழுவின் கையிருப்பும் கரையும். வெளியே எடுத்து வைத்தாலும் கரையும். எங்கள் ஆய்வகத்தில் காலையில் எடுத்து உடனே உறையவைத்த புழுவும், உப்புநீரில் விட்டுச் சாயங்காலம் வரை வைத்திருந்த புழுவும் ஒரே குடலிலிருந்து வந்தவை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், எண் அவ்வளவு இறங்கியிருக்கும். புழுவின் சத்து விவரம் என்று ஒரு அட்டவணை பார்த்தால், பன்றி செத்து எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தது என்ற தகவலைத்தான் நான் முதலில் தேடுவேன்.

14.02.2025

இரும்பு பற்றி நேற்று எழுதாமல் விட்டது. உருண்டைப்புழுவை அளந்தால் இரும்பு வரும், துத்தநாகம் வரும், தாமிரம் வரும். இவற்றைப் பார்த்து மாசு என்று கத்தக் கூடாது. புழுவைக் கீறினால் உள்ளே இருக்கும் நீர் லேசான சிவப்பாக இருக்கும், அது அதன் சொந்த ஹீமோகுளோபின். மனிதனுடையதைவிட ஏறத்தாழ 25,000 மடங்கு இறுக்கமாக ஆக்சிஜனைப் பிடிக்கும். அதற்கு இரும்பு வேண்டும். வேண்டிய உலோகத்தைப் புழு ஒரு அளவோடு வைத்துக்கொள்ளப் பார்க்கும். ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் உடம்பில் எந்த வேலையும் இல்லை, அவைதான் வெளிச்சூழலைக் காட்டிக்கொடுக்கும்.

அந்த நீர் இன்னொன்றும் செய்யும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து அறுத்தாலும் எனக்குக் கண் அரிக்கும், மூக்கில் நீராகக் கொட்டும். உருண்டைப்புழு அறுப்பவர்கள் பலருக்கும் வரும் ஒவ்வாமைதான். சிலருக்கு மூச்சுத்திணறல் வரைக்கும் போகும். வீட்டு முற்றத்தில் இதைக் காயவைத்து இடித்துத் தூளாக்குகிற வேலையை யாரும் செய்ய வேண்டாம், ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டாம்.

முட்டையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை அளவில் போடும். அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெயிலில் காய்ந்தது மாதிரி தெரியும் புழுவுக்குள் முட்டை உயிரோடு இருக்கலாம். கோழி தின்று எச்சத்தில் போட்டால், அடுத்து குழந்தை கை வைக்கும் மண்ணில் அது இருக்கும். பன்றியின் அஸ்காரிஸ் மனிதருக்கும் வரும். தீவனப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

20.02.2025

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) எழுதியிருக்கிறார்: "பன்றி நமக்குச் சம்பந்தமில்லை. மாட்டு ஈரலில் தட்டையாக இலை மாதிரி புழு வருகிறதே, அதுவும் மீன் வயிற்றில் வருவதும் இந்தக் கணக்கில் சேருமா?"

சேரும் காக்கா, நல்ல கேள்வி. ஈரல் தட்டைப்புழு பித்தநாளத்துக்குள்ளேயே குடியிருக்கிறது, பித்தநீர்தான் அதற்கு அக்கம்பக்கம். மேலே சொன்ன 1998 ஆய்வில் அஸ்காரிஸோடு மாட்டின் ஈரல் தட்டைப்புழுவையும் அளந்தார்கள். அதில் ஈயம் மாட்டின் சதையைவிட மிக அதிகம். நம் பக்கம் இந்தப் புழு நத்தை இருக்கும் கண்மாய், ஊருணி ஓரமாக மேயும் மாடுகளில்தான் வரும். கடற்கரை மணலில் மேயும் ஆடுகளில் அரிது.

மீனில் ஒரு எச்சரிக்கை. சீலாவிலும் பாரையிலும் சதைக்குள் அரிசி மாதிரி வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் நாடாப்புழுவின் குஞ்சு. அதன் கடைசி வீடு சுறாவும் திருக்கையும். இளம்புழுவைவிட, வளர்ந்து குடலில் வாழும் புழுதான் உலோகம் சேர்ப்பதில் கெட்டி. பாரசீக வளைகுடாவில் ஒரு சுறாவின் குடல் நாடாப்புழுக்களை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். சுறாவின் உறுப்புகளைவிட ஈயமும் காட்மியமும் பல மடங்கு அதிகம். மன்னார் வளைகுடாவில் கரைக்கு வரும் சுறாவின் குடலை இறங்குதளத்திலேயே வீசிவிடுகிறார்கள். பாம்பன், மண்டபம் பக்கம் இருக்கும் மாணவர்கள் யாராவது இதை எடுத்துச் செய்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட சுறா இனங்களை மட்டும் தொடக் கூடாது.

02.03.2025

இந்தப் பேச்சு நம் மண்ணை விட்டு ஓடிவிட்டது. பன்றி எங்கிருந்து உலோகத்தை எடுக்கும்?

பன்றி மற்ற மிருகம் மாதிரி இலையை மட்டும் கடிப்பதில்லை. கிழங்கு, கடலை, மண்புழு, வேர்ப்புழு எல்லாவற்றோடும் மண்ணையும் விழுங்கும். அதனால் மண்ணில் இருப்பது நேராக வயிற்றுக்குப் போகும். நம் கொல்லைகளுக்கு மணிச்சத்து உரம் வருடாவருடம் போகிறது. பாறை பாஸ்பேட்டிலிருந்து தயாராகும் உரத்தில் கொஞ்சம் காட்மியம் கூடவே வரும், உலகம் முழுக்க இது தெரிந்த விஷயம். சுண்ணாம்பு கலந்த காரமண் காட்மியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். ஆனால் கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்தால் அது கரைந்து நகரும், செடியும் எளிதாக எடுக்கும். உப்பு ஏறின மண்ணில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய கோணம் இது. தஞ்சாவூர் வண்டலுக்குச் சொன்னதை அப்படியே திருப்புல்லாணிக்கும் தேவிபட்டினத்துக்கும் சொல்ல முடியாது.

முண்டு மிளகாய் போடுபவர்கள் பதற வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின மிளகாய் அது, அதில் குறை சொல்ல என்னிடம் எந்த அளவீடும் இல்லை. மண், வேர்ப்புழு, பன்றி, பன்றியின் புழு என்று ஒரு வரிசை இருக்கிறது, அந்த வரிசையில் யாராவது அளக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

03.03.2025

"வரிசையில் மேலே போகப் போக உலோகம் கூடுமா?" பாதரசம் என்றால் பெரும்பாலும் ஆமாம். ஈயத்துக்கு அப்படி இல்லை, பல இடங்களில் மேலே போகப் போகக் குறையும். முள்தலைப்புழுவில் அது எகிறுவதற்குக் காரணம் பித்தநீர் வழி.

18.04.2025

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில். இந்த நேரத்தில் தொண்டி முதல் ஏர்வாடி வரை எந்தக் கடற்கரைக்குப் போனாலும் வலை பழுதுபார்க்கிறார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். மன்னார் வளைகுடா, பாக் நீரிணை இரண்டு பக்கமும் இதே காட்சி.

நேற்று கடற்கரையில் ஓரிடத்தில் பார்த்தேன். பழைய பேட்டரித் தகட்டையும் தேய்ந்த குண்டுகளையும் இரும்புச் சட்டியில் போட்டு விறகடுப்பில் உருக்கி, அச்சில் ஊற்றி, வலைக்கு ஈயக்குண்டு வார்த்துக்கொண்டிருந்தார் ஒரு அண்ணன். மேலே மிதந்த சாம்பல் நிறக் கசடைக் கரண்டியால் வழித்து மணலில் தட்டினார். பத்தடி தள்ளி அவர் பேரன் விளையாடிக்கொண்டிருந்தான். பக்கத்துக் குப்பை மேட்டில் ஊர்ப்பன்றிகள் கிண்டிக்கொண்டிருந்தன.

அவரிடம் சொன்னேன்: "அண்ணே, அந்தக் கசடு முழுக்க ஈயம். மணலில் தட்டாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடிப் பழைய இரும்புக் கடைக்கே கொடுத்திடுங்க. உருக்கும்போது பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிடுங்க." அவர் உடனே பையனைக் கூப்பிட்டு அனுப்பினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னேன். ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கும். அவர்கள் உடம்பு அதை அதிகமாக உறிஞ்சும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பன்றிக்குள் இருக்கும் புழுவைப் பற்றி இத்தனை எழுதுவதற்கும் இந்தப் பையனுக்கும் தொடர்பு உண்டு. பன்றி கிண்டுகிற மண்ணும் அவன் கை வைக்கிற மண்ணும் ஒன்றுதான். ரத்தம் எடுக்காமல், யாரையும் பயமுறுத்தாமல், அந்த மண்ணைப் பற்றி முதல் தகவல் தரக்கூடியது அந்தக் குடலில் இருக்கிறது.

27.04.2025

முதுகலை மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார், இதைத் திட்டக் கட்டுரையாகச் செய்ய ஆசையாம். காட்டுப்பன்றியே வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம்மா. காட்டுப்பன்றி மாதிரிக்குத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதி வேண்டும், உங்கள் படிப்புக் காலத்துக்குள் கிடைக்குமா தெரியாது. வெளியே திரிந்து மேயும் ஊர்ப்பன்றி போதும், கடைக்கு வந்ததும் வாங்கலாம். முள்தலை கிடைக்காவிட்டால் எலியைப் பாருங்கள். எலியின் முள்தலைப்புழு மோனிலிஃபார்மிஸ், கரப்பான் வழியாக வருவது. அதிலும் காட்மியம் சேர்வதைச் சோதனையில் காட்டியிருக்கிறார்கள்.

புழுவை ஃபார்மலினில் போடாதீர்கள், உலோகம் அதில் கரைந்து இறங்கும். உப்புநீரில் ஒரு முறை அலசி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மைனஸ் 20-இல் வையுங்கள். அடையாளம் பார்க்கத் தலை வெளியே நீள வேண்டும், அதற்குச் சாதாரணத் தண்ணீரில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் உடம்பு உப்பித் தும்பிக்கை வெளியே வரும். ஆனால் அப்படி வைத்த புழுவை உலோகத்துக்கு அளக்கக் கூடாது, அதற்குத் தனியாக ஒதுக்குங்கள். கண்ணாடிச் சாமான் எல்லாம் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறட்டும். ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக எடைபோடுங்கள், பெண்ணின் எடையில் பெரும்பகுதி முட்டை. ஈர எடை, உலர் எடை இரண்டையும் எழுதிவையுங்கள். யாருடைய எண்ணோடும் ஒப்பிட அது இல்லாமல் முடியாது.

தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனிகள் பாதி மூடியிருக்கும், பெட்டிக்கு ஐஸ் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒவ்வொரு பன்றியிலும் புழுவோடு கறி, ஈரல், சிறுநீரகம் மூன்றும் வேண்டும். குடலை யாரும் கேட்க மாட்டார்கள், சும்மாகூடத் தருவார்கள். சிறுநீரகத்துக்கு வாடிக்கை ஆள் இருப்பார், விடிவதற்குள் போய்விடும். முந்தின நாளே கடைக்காரரிடம் பணம் கொடுத்துச் சொல்லிவைத்துவிடுங்கள்.